மேப்பிள் இலை விரிய முன்னர்

எங்கள் தெருவில் வீடு வாங்கி, பின்வளவில் நிற்கிற மரத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும்,

மூலை வீட்டு அன்ரி எழுதுகிறேன். முன்பக்கம் புல்லே இல்லாமல், போன வருடத்துச் சருகை மே மாதம் வரைக்கும் கூட்டாமல் விட்டிருக்கிற அந்த வீடுதான். "அன்ரிக்கு ஏலாமப் போச்சுது போல, பெடியளை விட்டுக் கூட்டிக் குடுப்பம்" என்று உங்களில் ஒருவர் என் மகளிடம் சொன்னாராம். நல்ல மனம். ஆனால் எனக்கு இன்னும் ஏலும். கூட்டாமல் விட்டது வேண்டுமென்றுதான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு குடிபூரல். சாப்பாடு முடிந்த பிறகு எல்லாரும் பின்கதவைத் திறந்து வளவைப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய மேப்பிள், அடியில் வெறும் மண்ணும் வேரும். வீட்டுக்காரத் தம்பி சொன்னார்: "மரத்தை எடுத்தால்தான் அன்ரி இதில ஏதும் செய்யலாம். நிழலுக்குள்ள என்ன பூக்கும்?" பக்கத்தில் நின்ற மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருவர் முழு வளவுக்கும் இன்ரர்லொக் கல் பதிக்க எவ்வளவு முடியும் என்று கணக்குப் பார்க்கவே தொடங்கிவிட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். குடிபூரல் வீட்டில் வாதாடக் கூடாது.

அங்கே சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த மரத்துக்குக் கீழே பூக்கும். நிழல் விழுவதற்கு முதலே பூத்து முடித்துவிடும்.

ஊரில் எங்களுக்கு மரம் என்றால் வருடம் முழுவதும் இலை. மாமரத்துக்குக் கீழே சித்திரையிலும் நிழல், மார்கழியிலும் நிழல். அந்தக் கணக்கைத்தான் விமானத்தில் எங்களோடு கொண்டுவந்தோம். இங்கே மேப்பிள் மரம் நவம்பரில் இலையை உதிர்த்தால் மே மாதம் வரை வெறும் கொப்புத்தான். மார்ச் கடைசியில் பனி கரைகிறது. மே நடுப்பகுதியில் இலை முழுதாக விரிகிறது. இடையில் ஆறு, ஏழு கிழமை அந்த மரத்தடியில் விழுகிற வெயில், நல்லூர்த் தேரடியில் விழுகிற வெயிலைப் போல் மறைப்பே இல்லாதது. சூடுதான் குறைவு. இந்த நாட்டுக் காட்டுப் பூக்கள் அந்தக் கிழமைகளுக்காகவே உருவானவை. மண்ணுக்குள் கிழங்காகக் காத்திருந்து, பனி போனதும் தலை காட்டி, பூத்து, விதை வைத்து, அடுத்த வருடத்துக்கு வேண்டிய சாப்பாட்டைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு, மேலே இலை மூட மறுபடி மண்ணுக்குள் போய்விடும். ஜூன் கடைசியில் போய்ப் பார்த்தால் பல செடிகளின் அடையாளமே இராது.

நாங்கள் இதைக் காணாமல் போவதற்குக் காரணம் எங்கள் தக்காளி. தக்காளி, கத்தரி, மிளகாய்க் கன்றுகளை விக்ரோறியா டே நீண்ட வார இறுதிக்கு முன்னர் வெளியில் வைத்தால் உறைபனி சுட்டுவிடும் என்று நாங்கள் எல்லாரும் பட்டுப் படித்திருக்கிறோம். அதனால் அந்தச் சனிக்கிழமை வரை பின்கதவைத் திறப்பதில்லை. மே 20 ஆம் திகதிக்குக் கிட்ட மண்வெட்டியோடு இறங்கிப் பார்த்தால் மேலே கூரை போல் இலை, கீழே இருட்டு. "இங்கே ஒன்றும் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கூத்து முடிந்து, விடிந்து, கொட்டகையும் பிரித்த பிறகு போய் நின்று, இந்த ஊரில் கூத்தே ஆடுவதில்லை என்று சொல்வதைப் போல.

நானும் அப்படிச் சொன்னவள்தான். 1994 இல் இந்த வீட்டை வாங்கியபோது எனக்கு முதல் வந்த ஆசை ரோசாவும் மல்லிகையும். மரத்தடியில் ஆறு ரோசாக் கன்று வைத்தேன். முதல் வருடம் இரண்டு பூ, இரண்டாம் வருடம் வெறும் முள்ளு, மூன்றாம் வருடம் அதுவும் இல்லை. மண் சரியில்லை என்று நினைத்து, மண் கிண்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து மரத்தைச் சுற்றிக் கிண்டினேன். மேப்பிளுக்குத் தண்ணீர் குடிக்கிற வேர்கள் எல்லாம் மேல்மண்ணுக்குள்ளேதான் படர்ந்திருக்கும். நான் அன்றைக்குக் கிண்டியது மண்ணை அல்ல, மரத்தின் வாயை. அடுத்த வருடம் ஒரு பக்கக் கொப்பு இரண்டு காய்ந்து போயின. அப்போதும் புத்தி வரவில்லை. லொறியில் கறுப்பு மண் இறக்கி, அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மேடை கட்டி, அதில் பூங்கன்று வைத்தேன். வேருக்கு மேல் அப்படி மண்ணைக் குவித்தால் காற்றுப் போகாமல் மரம் மெல்ல மெல்லச் சாகும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் அள்ளி எறிந்தேன். மனுசன் ஒன்றும் பேசாமல் தள்ளுவண்டியைத் தள்ளினார். அந்தப் பேசாமை இப்போதும் நினைவிருக்கிறது.

ரியூலிப் கதை இன்னொன்று. ஒரு ஒக்ரோபரில் 40 கிழங்கு தாட்டேன். இங்கத்தைய அணிலின் முதுகில் மூன்று கோடு கிடையாது. ராமர் தடவாத அணில். நான் தாட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் கிண்டத் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் ஐந்து பூத்தது, அதில் ஒன்று பக்கத்து வீட்டு வளவில்.

இனிச் சொல்லப் போவது வெட்கமான விசயம். 1999 வைகாசியில் ஓர் ஓடைக்கரைக் காட்டில் நடந்துகொண்டிருந்தபோது முதன்முதலில் ரில்லியத்தைக் கண்டேன். மூன்று இலை, அதற்கு மேல் மூன்று பச்சைப் புற இதழ், அதற்கு மேல் மூன்று வெள்ளை இதழ். ஒரு சரிவு முழுக்க, துணி வெளுத்துக் காயப் போட்டதைப் போல. அடுத்த நாள் ஒரு கரண்டியும் சொப்பிங் பையும் கொண்டு போய் இரண்டு செடியைக் கிண்டிக்கொண்டு வந்தேன். ஊரில் ஒரு வீட்டுப் பூங்கன்றில் கொப்பு முறித்து வருவதை யாரும் களவு என்று சொல்வதில்லை, அந்தப் பழக்கம். இரண்டும் அந்தக் கோடையிலேயே செத்தன. நான் கிண்டிய இரண்டும் அநேகமாக என் மகளின் வயதை ஒத்தவை என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது.

ஏனென்றால் ரில்லியம் விதையிலிருந்து பூவுக்கு வர ஏழு வருடம், சிலவேளை பத்து வருடம் எடுக்கும். விதை விழுந்த பிறகு முதல் குளிர்காலம் கழிந்தால்தான் வேர் விடும். இரண்டாவது குளிர்காலமும் கழிந்தால்தான் மேலே இலை காட்டும். பிறகு வருடக்கணக்காக ஒற்றை இலை, அதற்குப் பிறகு மூன்று இலை, கடைசியில் பூ. தென்னம்பிள்ளையே அதற்குள் காய்த்துவிடும். இந்த மெதுவான செடியைத்தான் 1937 இல் ஒன்ராறியோ தன் மாகாணப் பூவாக எடுத்தது. அரசாங்கத்திடமிருந்து உங்களுக்கு வருகிற கடிதங்களின் தலைப்பில் மூன்று இதழோடு ஒரு சின்னம் இருக்கிறதே, அதுதான் இது. அந்தக் கடிதங்களைத் திறக்கிற பதற்றத்தில் யார் பூவைப் பார்க்கிறார்கள்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியது எதிர்வீட்டு இத்தாலிய அம்மா. இப்போது அவர் இல்லை. அந்த வீட்டில்தான் உங்களில் ஒரு குடும்பம் இருக்கிறது. அதனால் இதைக் கவனமாக வாசியுங்கள். 2002 இல் என்று நினைக்கிறேன், ஒரு ஏப்ரல் கடைசியில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பிடி பச்சை இலையைக் கொண்டுவந்து தந்தார். பார்க்க வெங்காயத்தாள் மாதிரி இருந்தது. கறிக்கு என்றே நினைத்தேன். நல்ல காலம், போடவில்லை. அது ஸ்னோட்ரொப், கிழங்கிலும் இலையிலும் நஞ்சு உள்ளது. அவருக்கு இங்கிலிஷ் கொஞ்சம், எனக்கும் அப்போது கொஞ்சம். கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போய், வேருக்கும் வேருக்கும் இடையில் விரலால் குழி தோண்டி, ஐந்தைந்தாக நட்டுக் காட்டினார். அந்த மரத்தடியில் நான் மெஷினால் செய்ய முடியாததை அவர் விரலால் செய்துவிட்டுப் போனார். அடுத்த மார்ச், பனி முழுதாகக் கரையவில்லை, அதைக் குத்திக்கொண்டு வெள்ளைப் பூ. தலை குனிந்த சின்ன மணி போல. குளிர்காலம் முடிகிறது என்று இந்த நாட்டில் எனக்கு முதலில் சொன்னது அந்தப் பூதான். வானிலை அறிக்கை சொன்னதை நான் நம்பியதே இல்லை.

என் வளவில் பூ வருகிற ஒழுங்கைச் சொல்கிறேன். உங்கள் வளவில் ஒரு கிழமை முன்பின்னாக இருக்கலாம்.

மார்ச்சில் ஸ்னோட்ரொப். ஏப்ரல் தொடக்கத்தில் ஸில்லா, நீலக் கம்பளம் விரித்த மாதிரி. இது சைபீரியாப் பெயரைக் கொண்ட செடி, கேட்காமலே பரவும். புல்லுக்குள் பரவினால் பரவாயில்லை, காட்டோரத்து வீடுகளில் வைக்காதீர்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு நாள் முன்பின்னாக பிளட்ரூட் வரும். இதைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல வேண்டும். ஒரு மொட்டுக்கு ஒரு இலை. அந்த இலை மொட்டைச் சால்வை போலச் சுற்றிக்கொண்டே மண்ணிலிருந்து எழும்பும். வெயில் பட்டால் மொட்டு சால்வையைத் தாண்டித் தலையை நீட்டி வெள்ளையாக விரியும், மாலையானால் மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஆயுள் மூன்று நான்கு நாள்தான். பலத்த மழை பெய்தால் அன்றைக்கே இதழ் கொட்டிவிடும். வேரை முறித்தால் செம்மஞ்சளாய் இரத்தம் போல ஒரு பால் வடியும், பெயர் அதனால் வந்தது. (அந்தப் பாலைத் தோலில் பூசாதீர்கள், புண்ணாக்கும்.) ஒவ்வொரு வருடமும் புத்தாண்டு அன்று கோயிலால் வந்து, பட்டுச் சேலையோடு பின்வளவில் குந்தியிருந்து அதைப் பார்ப்பேன். வேப்பம்பூ இல்லாத நாட்டில் எனக்கு வருடம் பிறப்பது அதில்தான்.

ஏப்ரல் நடுப்பகுதியில் ரவுட் லில்லி. மீனின் முதுகைப் போலப் புள்ளி போட்ட இலை, மஞ்சள் பூ. ஒற்றை இலையோடு நிற்கிற செடி பூக்காது. இரண்டு இலை வந்த செடிதான் பூக்கும். நூறு இலைக்குள் ஐந்து பூ இருந்தால் அந்த வருடம் அதிர்ஷ்டம். வேர்ஜீனியா புளூபெல்ஸ் மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் தொங்கும். மே பிறந்ததும் ரில்லியம். இரண்டு மூன்று கிழமை நின்று, வாடப் போகும்போது வெள்ளை இதழ் இளஞ்சிவப்பாக மாறும். அதே நேரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக கொலம்பைன் பூக்கும். தெற்கிலிருந்து ஹம்மிங்பேர்ட் திரும்பி வருகிற காலமும் அதுதான். எங்கள் தேன்சிட்டைப் போலத்தான் இருக்கும், ஆனால் அதற்கு உறவில்லை. பூவில் குந்தாமல் காற்றிலேயே நின்று குடிக்கும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு அது கட்டாயம் பிடிக்கும். ஜாக் இன் த பல்பிட் என்று பெயர். பச்சையும் ஊதாவுமாகக் கோடு போட்ட ஒரு மடல், அதன் மேற்பகுதி குடை போல மடிந்திருக்கும், உள்ளே ஒரு தண்டு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: இது எங்கள் கருணைக்கிழங்கின் சொந்தக்காரன். அதே குடும்பம்தான். கருணைக்கிழங்கைப் போலவே இதையும் பச்சையாக வாயில் வைத்தால் அரித்துக் கொல்லும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிழங்கில் சாப்பாடு குறைவான வருடங்களில் செடி ஆணாகப் பூக்கும். நன்றாகத் தேறிய வருடத்தில் பெண்ணாகப் பூத்துச் சிவப்புக் காய் வைக்கும். களைத்துப் போனால் மறுபடி ஆண். பிள்ளை பெறுகிற வேலைக்குப் பலம் வேண்டும் என்று அந்தச் செடிக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது எறும்புக்கு வருகிறேன். ரில்லியம், பிளட்ரூட், ரவுட் லில்லி ஆகியவற்றின் விதைகளில் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு சின்னச் சதைத்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும். சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு வெளியில் போடும். அந்தக் குப்பைதான் நாற்றுமேடை. என் வளவில் நான் நடாத இடங்களில் பிளட்ரூட் வந்ததற்கு எறும்புகளே காரணம். 2011 இல் உள்ளூர்ச் செடிகள் விற்கிற ஓர் இடத்தில் ஒரேயொரு ரில்லியத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். அதன் பிள்ளை ஒன்று வேலிக் கரையில், மூன்று மீற்றர் தள்ளி, 2021 வைகாசியில் முதல் பூப் பூத்தது. கொரோனாவால் யாரும் வீட்டுக்கு வராத காலம். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன், "அம்மா, இதுக்கா பத்து வருசம்?" என்று பதில் வந்தது. இதற்குத்தான். ஆகையால் சுவரோரம் எறும்பு மருந்து தூவுகிறவர்கள் தயவுசெய்து மரத்தடிப் பக்கம் தூவாதீர்கள். வீட்டுக்குள் வந்தால் என்ன செய்கிறீர்களோ செய்யுங்கள்.

தேனீக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாகக் கிடந்த பம்பிள் தேனீ ராணி ஏப்ரலில் பசியோடு வெளியே வரும். அந்த நேரத்தில் தெருவில் வேறு பூ அதிகம் இராது. ரவுட் லில்லிக்கென்றே ஒரு தனி மண் தேனீ இனம் இருக்கிறது, தன் குஞ்சுகளுக்கு அந்தப் பூவின் மகரந்தத்தையே தேடிப் போகும். அந்தச் செடி இல்லாத இடத்தில் அதுவும் இல்லை.

பூப் பறிக்கிற விசயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கப் போகிறேன். காலையில் குளித்துவிட்டுச் சாமிக்குப் பூப் பறிப்பது எங்கள் பழக்கம், என் பழக்கமும்தான். ஆனால் ரில்லியத்தைப் பறித்தால் பெரும்பாலும் அந்த மூன்று இலையும் கையோடு வந்துவிடும். அந்தச் செடிக்கு அந்த வருடத்துச் சாப்பாடு முழுவதும் அந்த மூன்று இலையில்தான். பிறகு பல வருடம் பூக்காது, செத்தும் போகலாம். ரில்லியம் பறித்தால் ஒன்ராறியோவில் தண்டம் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் சொந்த வளவில் பறிக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் ஒன்றும் இல்லை. மாகாணப் பூங்காக்களிலும் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் எந்தச் செடியையும் பறிக்கவோ கிண்டவோ கூடாது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாமிக்கு ஸில்லா வையுங்கள். எவ்வளவு பறித்தாலும் குறையாது, பிள்ளையாரும் குறை சொல்லமாட்டார்.

ஏமாறக் கூடிய மூன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூன்றிலும் நான் ஏமாந்தவள்.

நேர்சரியில் "நிழலில் வளரும், பராமரிப்பு வேண்டாம்" என்று எழுதி பெரிவிங்கிள் விற்பார்கள். ஊதாப் பூ. பார்த்ததும் எங்கள் பட்டிப்பூ என்று பாய்ந்து வாங்கினேன். பட்டிப்பூவுக்குச் சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. கொடியாகப் படர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டு சட்டி வாங்கினேன், இருபது வருடமாகப் பிடுங்குகிறேன். லில்லி ஒஃப் த வலி என்கிற வெள்ளை மணிப்பூவும் அப்படித்தான். வாசம் என்றால் வாசம், மல்லிகைக்குப் பிறகு இந்த நாட்டில் என் மனம் போனது அந்த வாசத்தில்தான். ஆனால் மண்ணுக்கடியில் வேரோடிப் பக்கத்து வளவுக்கும் போகும்; இலை, பூ, சிவப்புக் காய் எல்லாமே இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். மூன்றாவது, காட்டு இஞ்சி. இதய வடிவத்தில் அழகான இலை, மண்ணோடு மண்ணாக ஒளிந்திருக்கும் மண்ணிறப் பூ, கிழங்கை நுள்ளினால் இஞ்சி வாசம். மரத்தடிக்கு மிக நல்ல செடி, நான் இப்போதும் வைத்திருக்கிறேன். ஆனால் அது இஞ்சி இல்லை, இஞ்சிக்கு உறவும் இல்லை. அதில் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிற பொருள் இருக்கிறது. தடிமனுக்குக் குடிநீர் வைக்கலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டபடியால்தான் இதை எழுதுகிறேன்.

இனி மரம். எங்கள் தெருவில் நிற்பவற்றில் அநேகமானவை நோர்வே மேப்பிள். பெயர் சொல்கிற மாதிரி ஐரோப்பாக்காரன். எங்களைப் போல வந்து குடியேறியது. இலைக் காம்பை முறித்தால் பலா இலையைப் போலப் பால் வரும், அதுதான் அடையாளம். இலையில் தார் தெளித்த மாதிரிக் கரும்புள்ளி விழுவதைக் கண்டு பயப்படாதீர்கள். அது பூஞ்சணம், மரத்தைக் கொல்லாது. 2013 இல் கனடாவின் புதிய பிளாஸ்ரிக் காசுத்தாளில் இருந்தது உள்ளூர் மேப்பிள் அல்ல, நோர்வே மேப்பிள் இலைதான் என்று தாவரவியலாளர் ஒருவர் சொல்ல, மத்திய வங்கி அதை மறுத்தது. எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. இந்த மரத்தின் நிழல் மற்ற மேப்பிள்களின் நிழலை விட அடர்த்தி, வேர் இன்னும் மேலே, மண்ணில் ஈரத்தை விட்டுவைக்காது. அதனால் புதிதாக நடுகிற கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடையும் நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடிமரத்தோடு ஒட்டி ஸ்னோட்ரொப், காட்டு இஞ்சி. கொஞ்சம் தள்ளி, கொப்பு முடிகிற இடத்தில் பிளட்ரூட், ரில்லியம். வீட்டின் வடக்குப் பக்கத்தில் மரமே இல்லாமல் நிழல் இருந்தால் அங்கே எல்லாமே வரும், ஒரு கிழமை பிந்தி.

தறிக்கத்தான் போகிறேன் என்று நிற்கிறவர்களுக்கு ஒன்று. ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டம் உள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், மாநகரசபையின் அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது. தையல் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். 94 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டீர்கள். வேரை வெட்டிக் காயப்படுத்துவதும் அதில் அடங்கும். நான் மெஷினால் கிண்டியதை இன்றைக்குச் செய்திருந்தால் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். மரத்தை எடுத்துக் கல்லைப் பதித்த வளவு ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது, யாருடையது என்று சொல்லமாட்டேன். போன ஜூலையில் அவர்கள் எல்லாரும் என் மேப்பிளுக்குக் கீழே கதிரை போட்டிருந்து மாம்பழம் சாப்பிட்டார்கள்.

கடைசியாகச் சருகு. இதில்தான் உங்களோடு எனக்குப் பெரிய வழக்கு.

ஊரில் என் அம்மா விடியக் காலமை எழும்பி, ஈர்க்கு விளக்குமாறால் முற்றத்தைக் கோடு கோடாகக் கூட்டி, சாணகத் தண்ணி தெளித்து விடுவா. கூட்டாத முற்றம் என்றால் அந்த வீட்டில் செத்தவீடு, அல்லது பொம்பிளைக்குச் சுகமில்லை. அதற்கு நியாயம் இருந்தது. சருகுக்குள் பாம்பு கிடக்கும். இங்கே என் சருகுக்குள் கிடக்கிற கார்ட்டர் பாம்பு ஆளைக் கண்டால் தான் பயந்து ஓடும். ஆனால் பழக்கம் கையில் இருக்கிறது. நவம்பர் வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்குப் பதினைந்து, இருபது கடதாசிப் பையில் இலையை அள்ளிக் கட்டித் தெருவில் வைக்கிறோம். பிறகு ஏப்ரலில் கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பையில் உரம் வாங்குகிறோம். அந்தச் சருகு இல்லாவிட்டால் ரில்லியம் விதைக்குப் போர்வை இல்லை, தேனீ ராணிக்குக் கூரை இல்லை, மண்ணுக்குச் சாப்பாடு இல்லை.

அம்மா கூட்டியது முற்றத்தை. தோட்டத்தை அல்ல. தோட்டத்துக்குப் பூவரசங்குழை வெட்டிக் கொண்டுவந்து தாழ்ப்பார்கள், பனையோலையைக்கூடத் தாழ்ப்பார்கள். இலையை மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. முற்றம் எது, தோட்டம் எது என்பதை இங்கே வந்து மாறாட்டமாக விளங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். முன்வாசலைக் கூட்டுங்கள், நடைபாதையைக் கூட்டுங்கள். மரத்தடியை விடுங்கள். நோர்வே மேப்பிள் இலை பெரிது, நனைந்தால் பாய் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் புல்லு வெட்டுகிற மெஷினை ஒருமுறை அதன் மேல் ஓட்டி நறுக்கிவிட்டுப் பரப்பினால் நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது மே முதல் கிழமை. என் மேப்பிளில் இலை இன்னும் சின்னப்பிள்ளையின் உள்ளங்கை அளவுதான். ரில்லியம் விரிந்திருக்கிறது. ஸ்னோட்ரொப் பூ முடிந்துவிட்டது, இலை பச்சையாக நிற்கிறது. அதைப் பிரித்து நடச் சரியான காலம் இதுதான். இலை மஞ்சளாகிவிட்டால் கிழங்கு எங்கே என்று தேடிப் பிடிக்க முடியாது. இத்தாலிய அம்மா தந்த ஒரு பிடி இப்போது மரத்தடி முழுக்க நிறைந்துவிட்டது. காட்டு இஞ்சியும் பிரிக்க வேண்டும். வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்து மணிக்குப் பிறகு நான் பின்வளவில்தான் இருப்பேன். மழை தூறினாலும் வாருங்கள், நடுவதற்கு அதுதான் நல்லது. எதிர்வீட்டுக்காரர் முதலில் வாருங்கள், அந்தக் கிழங்கு உங்கள் வளவிலிருந்து வந்தது. குடிபூரல் வீட்டுத் தம்பியும் வர வேண்டும். உங்கள் மரத்தடிக்கு என்று இரண்டு கூடை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பக்க வாசல் திறந்திருக்கும். சருகுக்கு மேலே நடக்காமல், நான் பலகை போட்டிருக்கிற வழியால் வாருங்கள். கரண்டி என்னிடம் இருக்கிறது, பழைய பேப்பரோ வாளியோ நீங்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மூலை வீட்டு அன்ரி
ஸ்காபுறோ